ஜெயித்தும் வாய் திறக்காத தெரு

நெரேய்தா பொலாங்கோ பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. இதை அவள் முகத்துக்கு நேராகச் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். "ஆமா, என்ன பண்ணச் சொல்றீங்க" என்பாள். சிறுமியாக இருந்தபோது ஒரு புயல் வந்து வீட்டின் தகரக் கூரையைக் கழற்றிக்கொண்டு போனது. அன்றிலிருந்து காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே கதவு ஜன்னலையெல்லாம் சாத்திக்கொள்வாள். லிஃப்ட் என்றால் பயம், மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்காரப் பயம், ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே வாசலோடு திரும்பிவிடுவாள். புருஷன் நியூயார்க்குக்கு வேலைக்குப் போனான். முதலில் கடிதம் வந்தது, பிறகு போன் வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை. ஒற்றை ஆளாக ஒரு பெண்ணை வளர்த்து, சந்தியாகோ நகரத்தின் புவெப்லோ நுவேவோ பேட்டையில் ஓர் அழகு நிலையம் வைத்து, பேட்டைப் பெண்கள் அத்தனை பேர் தலைக்கும் சுருள் உருளை மாட்டிவிட்டுக் காலத்தை ஓட்டினாள். பயந்து பயந்தே இவ்வளவையும் செய்தாள் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஊர் அப்படித்தான், தைரியமாக இருப்பவர்களை மட்டும்தான் பாராட்டும்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பயம் என்பதே கிடையாது. அது பேஸ்பால். அக்டோபரில் பருவம் தொடங்கிவிட்டால் இந்தப் பூனை புலியாகிவிடும். சந்தியாகோவில் பிறந்தவர்களுக்கு ஆகிலாஸ் அணி, அதாவது கழுகுகள், தாய்ப்பாலோடு வருவது. மஞ்சள் அவர்கள் நிறம். நெரேய்தாவின் கடைச் சுவர் மஞ்சள், நாற்காலி மஞ்சள், துண்டு மஞ்சள். தலைநகரத்து லிசேய் அணியின் நீலச் சட்டையோடு யாராவது தலைமுடி வெட்ட வந்தால், "இன்னிக்குக் கத்திரி மொட்டையா இருக்கு, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

அவளுக்கு என்று வாய்த்தாற்போல எதிர்வீட்டுக்காரர் ஃபெர்மின் தெஹேதா. தலைநகரத்தில் பிறந்தவர், மிரேயாவைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து பஞ்சர் கடை போட்டவர். மஞ்சள் கடலுக்கு நடுவே நீலக்கொடி கட்டிக்கொண்டு தனி ஆளாக உட்கார்ந்திருப்பார். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. நெரேய்தாவின் மகளுக்கு ஞானஸ்நானத் தகப்பன் அவர்தான். ஞானஸ்நானத்தன்று நீலச் சட்டையில் வந்து நின்றார். நெரேய்தா கோயில் வாசலிலேயே குழந்தையோடு மறித்துக்கொண்டாள். கடைசியில் பாதிரியார்தான் ஒரு வெள்ளை அங்கியை அவர் தலை வழியாக மாட்டிவிட்டுப் பஞ்சாயத்தை முடித்தார். அன்றிலிருந்து அவர் அவளுக்குக் கொம்பாத்ரே, அவள் அவருக்குக் கொமாத்ரே, ஞானஸ்நானத்தால் வந்த சம்பந்தி முறை மாதிரி. அந்த முறை வந்துவிட்டால் ஒருமையில் பேசக் கூடாது. ஆகவே அத்தனை வருஷமும் ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டது எல்லாம் 'நீங்க' போட்டு மரியாதையாகத்தான்.

"கொமாத்ரே, ஏதோ கருகுற வாடை வருதே. முடியா, இல்ல உங்க பசங்க ஆடுன ஆட்டமா?" என்பார் அவர், டயரை உருட்டிக்கொண்டே.

"கொம்பாத்ரே, உங்க டீமுக்குக் கொஞ்சம் காத்து அடைச்சு விடுங்க. நடுத்தெருவுல பஞ்சராகி நிக்குது" என்பாள் அவள், கையில் சீப்போடு.

சும்மா சொல்லக் கூடாது, இருவரும் சண்டை போட்டால்தான் தெருவுக்கே பொழுது விடிந்தாற்போல இருக்கும்.

இறுதித் தொடர் முடிந்த அன்று அங்கே ஒரு காரியம் செய்வார்கள். தோற்ற அணிக்குச் சாவு எடுப்பார்கள். பழப்பெட்டிப் பலகையில் சவப்பெட்டி தட்டி, அதற்குத் தோற்றவர்களின் நிறத்தைப் பூசி, மெழுகுவர்த்தி ஏற்றி, பொய் ஒப்பாரி வைத்துக்கொண்டு எதிராளியின் வாசலுக்குக் கொண்டுபோவார்கள். தோற்றவர் கறுப்பு உடுத்திக் கதவைத் திறக்க வேண்டும். "யார் செத்தது?" என்று கேட்க வேண்டும். பதிலை வாங்கிக்கொண்டு, அழுது, வந்தவர்களுக்குக் காபியும் புதினா மிட்டாயும் கொடுக்க வேண்டும், நிஜச் சாவு வீட்டில் கொடுப்பது போலவே. கதவைத் திறக்காமல் உள்ளே பதுங்கினவர்களை வருஷம் முழுக்க யாரும் சும்மா விட மாட்டார்கள். நெரேய்தாவும் ஃபெர்மினும் ஒரு தடவைகூடப் பதுங்கியதில்லை.

போன டிசம்பரில் ஃபெர்மின் காற்றடிக்கும் மெஷின் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டொரு நாளில் திரும்பி வந்து, "வாயுவாம். பீன்ஸ் திங்கக் கூடாதாம்" என்று எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொன்னார். மிரேயா மட்டும் அழகு நிலையத்துக்கு வந்து, தலை அலசும் தொட்டிக்குப் பின்னால் நெரேய்தாவை இழுத்துக்கொண்டு போனாள்.

"வாயு இல்ல நெரேய்தா. இதயம் தேஞ்சு போச்சாம். ஆபரேஷன் பண்ணணும், தலைநகரத்துல. பிப்ரவரிக்கு முன்னாடி இடம் இல்லங்கிறாங்க. அதுவரைக்கும் பெருசா கோபம் வரக் கூடாது, அதிர்ச்சி கூடாது. படக்குனு நின்னுடலாம்னு சொல்றார் டாக்டர்."

நெரேய்தாவின் கையிலிருந்த உருளைகள் தரையில் சிதறின. "அவருக்குத் தெரியுமா?"

"சொல்வேனா? அவங்க அப்பாவுக்கு டாக்டர் இப்படித்தான் மூஞ்சிக்கு நேரா சொன்னார். சொன்ன வாரமே போய்ச் சேர்ந்துட்டார். பயத்துலயே போயிட்டார். இவர்கிட்ட வாயுன்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்களும் அதையே சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அன்றிலிருந்து நெரேய்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. மற்ற பயங்கள் எல்லாம் வந்தால் போகும், இது போகவே இல்லை. காலையில் எழுந்ததும் ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்ப்பாள். பஞ்சர் கடைக் கதவு திறக்கக் கொஞ்சம் தாமதமானால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவர் வெளியே வந்து கொட்டாவி விட்ட பிறகுதான் இவளுக்கு மூச்சு வரும். கிண்டல் செய்ய வாய் வரவில்லை. ஏதாவது சொல்லி அவருக்கு ரோஷம் வந்துவிட்டால்? லிசேய் அடுத்தடுத்துத் தோற்றுக்கொண்டிருந்த வாரத்தில்கூட அவள் வாயைத் திறக்கவில்லை.

"என்ன கொமாத்ரே, நாக்குல பஞ்சரா? எடுத்துட்டு வாங்க, ஒட்டித் தரேன்" என்றார் அவர்.

அவள் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, அவர் உதடு வெளுத்திருக்கிறதா, நீலமாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

விதி என்று சொல்வதா, என்ன சொல்வது? அந்த வருஷம் பார்த்து இறுதித் தொடருக்கு வந்தவை ஆகிலாஸும் லிசேயும்தான். மாறி மாறி ஜெயித்து, கோப்பை கடைசி ஆட்டத்தில் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி ஆட்டம். டாக்டர் உத்தரவு என்று சொல்லி மிரேயா டிவியையும் ரேடியோவையும் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். போனையும் பிடுங்கி வைத்துக்கொண்டாள். வாயுவுக்கும் ரேடியோவுக்கும் என்னடி சம்பந்தம் என்று ஃபெர்மின் குதித்தார். அவள் அழுததும் அடங்கினார். சனிக்கிழமை நெரேய்தா சூப் கொண்டுபோனபோது அவர் கட்டிலில் சாய்ந்து கண்ணைச் சிமிட்டினார்.

"எனக்கு எதுக்கு ரேடியோ? தெருவே ரேடியோதான். நீங்க ஜெயிச்சா இந்தப் பேட்டை பானை சட்டியெல்லாம் தட்டி என் கூரையைப் பிச்சிடும். நாங்க ஜெயிச்சா ஒரு ஈ காக்கா சத்தம் வராது. நான் படுத்த இடத்துலயே தெரிஞ்சுக்குவேன்."

அவர் சொன்னது சத்தியம். பேட்டை முழுக்கப் பானையைத் தட்டி, தான் தோற்ற சேதி அந்தக் கட்டிலில் இடி மாதிரி இறங்கினால், அந்த இதயம் தாங்குமா? சூப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. வீடு வீடாகப் போனாள். யாரிடமும் கடன்கூடக் கேட்டுப் பழக்கமில்லாத பெண், கதவு கதவாகத் தட்டி உண்மையைச் சொன்னாள். நாளைக்கு நாம் ஜெயித்தால் யாரும் மூச்சு விடக் கூடாது. அவர் லிசேய் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கட்டும். மறுநாள் மாத்திரை போட்ட பிறகு மிரேயா பக்குவமாகச் சொல்லிக்கொள்வாள்.

மளிகைக்கடை கீக்கோதான் தலையில் கை வைத்தான். கடை வாசலில் ஆள் உயர ஸ்பீக்கர் வைத்திருப்பவன் அவன். "நெரேய்தாம்மா, எத்தனை வருஷம் கழிச்சு வர்ற கோப்பை. நான் சங்கோச்சோ சூப் காய்ச்ச அண்டா வாங்கி வச்சிருக்கேன். வாயைக் கட்டிக்கிட்டு எப்படிங்க ஜெயிக்கிறது?"

"அண்டாவை வை, காய்ச்சு, குடி. தட்டாதே. அந்த மனுஷன் உனக்கு எத்தனை டயர் ஓசியில ஒட்டிக் குடுத்திருக்கார்?"

கீக்கோ ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிச் சுருட்டி அவள் கையிலேயே கொடுத்துவிட்டான். நல்ல பயல்.

எல்லாம் சரி. ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கிற ஃபெர்மின் கட்டிலில் சும்மா படுத்திருப்பாரா என்று மட்டும் அந்தத் தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அழகு நிலையத்தில் டிவி ஊமையாக ஓடியது. தெருப் பெண்கள் பாதிப் பேர் உள்ளே, ஆண்கள் ஜன்னலில். நெரேய்தா ஒரு மஞ்சள் துண்டை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஆகிலாஸ் தோற்கட்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். வேண்டிய கையோடு துரோகி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மாதா எதையும் காதில் வாங்கவில்லை. ஆகிலாஸ் பையன்கள் அன்று பார்த்து அடித்த அடி அப்படி. கடைசிப் பந்து லிசேய்க்காரனின் மட்டையைத் தாண்டிப் போனபோது ஏழுக்கு இரண்டு. கோப்பை சந்தியாகோவுக்கு.

அந்தத் தெரு அன்று ஜெயித்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு. கீக்கோ தொப்பியைக் கடித்துக்கொண்டு அழுகிறான். உருளையோடு இருந்த பெண்கள் துண்டில் முகத்தைப் புதைத்துக் கத்துகிறார்கள். ஒரு குரல்கூட வெளியே வரவில்லை. நெரேய்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டையே பார்த்தாள். தூங்கிவிடுங்கள் கொம்பாத்ரே, தயவுசெய்து தூங்கிவிடுங்கள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

ஃபெர்மின் நீலச் சட்டை போட்டிருந்தார். டயர் தள்ளும் வண்டியில் மஞ்சள் பூசிய ஒரு சவப்பெட்டி. எப்போது தட்டினாரோ, எங்கே ஒளித்து வைத்தாரோ. பின்னால் மிரேயா, பேயறைந்த முகத்தோடு, தடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல். அவர் தெரு நடுவில் வண்டியை நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்தார். குதித்துக்கொண்டிருந்தவர்கள் நின்ற இடத்திலேயே சிலையானார்கள்.

"என்ன, எழவு வீடு மாதிரி இருக்கு?" என்றார். "அட, எழவு வீடுதானே."

இப்போது உண்மையைச் சொன்னால் நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, அவர் அவமானப்பட்டு, அதிர்ந்து... அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை. வாடிக்கையாளர்களுக்குப் போர்த்தும் கறுப்புத் துணியைக் கொக்கியிலிருந்து பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். டிவியை அணைத்தாள். கதவைத் திறந்தாள்.

முறைப்படி அவள்தான் கேட்க வேண்டும். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றார், நெற்றியில் வேர்வை. தெரு குறுகலானதுதான், அதைக் கடந்ததற்கே அந்த வேர்வை.

"கேளுங்க கொமாத்ரே."

"யார்... யார் செத்தது?"

"ஒரு கழுகு. ரொம்ப நாளா இழுத்துக்கிட்டு இருந்துச்சு. கடைசியா இன்னிக்கு சாயங்காலம் நிம்மதியாப் போயிடுச்சு."

அவள் அழ வேண்டிய இடம் இது. அழுதாள். பொய்க்கு அழ ஆரம்பித்த அழுகை ஒரு விக்கலில் நிஜமாகிப்போனது. பெட்டியைப் பார்க்கிறாள், அவரைப் பார்க்கிறாள், மறுபடியும் பெட்டியைப் பார்க்கிறாள். நிறுத்த முடியவில்லை. அவளைப் பார்த்து உள்ளே இருந்த பெண்களும் அழுதார்கள். ஜன்னலில் நின்ற ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார்கள். ஃபெர்மினுக்கு முதலில் தலைகால் புரியாத சந்தோஷம். பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

"ஒரு கோப்பைதானே கொமாத்ரே. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். உக்காருங்க, எனக்குக் காபி வேணாம். மிட்டாய் குடுங்க, போதும்."

அவள் மிட்டாய்த் தட்டை எடுக்கத் திரும்பினாள். அப்போதுதான் பெரிய சாலைப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஹாரன்கள். முதலில் ஒன்றிரண்டு, பிறகு நூற்றுக்கணக்கில். வேற்றுப் பேட்டைக்காரர்கள் வண்டி வண்டியாக ஊர்வலம் போகிறார்கள். அவர்களிடம் போய் யார் சொல்வது? கொட்டும் கும்மாளமுமாக நெருங்கி, தெருமுனையில் ஒரு லாரி கடந்து போனது, மேலே மஞ்சள் கொடி, மஞ்சள் கொடி, மஞ்சள் கொடி.

ஃபெர்மின் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். நெரேய்தா தட்டைக் கீழே வைத்தாள். போச்சு, இதோ விழப்போகிறார், இதோ. எல்லோரும் ஒரு அடி முன்னால் வந்தார்கள்.

அவர் விழவில்லை. மெதுவாக உள்ளே வந்து மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்தார். எத்தனையோ வருஷமாக அதில் உட்காரவே மாட்டேன் என்றிருந்தவர்.

"நீங்கதான் ஜெயிச்சீங்க."

மிரேயா வாசல் வரை வந்து நின்றாள்.

"ஜெயிச்சிட்டு வாயைப் பொத்திக்கிட்டு நின்னீங்களா? இந்தத் தெருவா?" கீக்கோவைப் பார்த்தார். "நீயாடா?" கீக்கோ தலை குனிந்தான். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து நெரேய்தாவிடம் நின்றார். அவர் கண்ணில் இப்போது கோபம் இல்லை. வேறொன்று வந்திருந்தது. அது என்னவென்று அந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவள் நெரேய்தாதான். ஆயுசு முழுக்க அதோடு குடித்தனம் நடத்தியவள் ஆயிற்றே.

"எனக்கு என்ன கொமாத்ரே?"

"ஒண்ணுமில்லைங்க, வாயுதான்" என்றாள் மிரேயா வாசலிலிருந்து, அவசரமாக.

"வாயுவுக்காக யாரும் கோப்பையை விட்டுக் குடுக்க மாட்டாங்க மிரேயா."

மிரேயா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபெர்மின் நெரேய்தாவையே பார்த்தார். ஓடிவிடலாமா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. பின்கதவு பக்கத்திலேயே இருந்தது. தொட்டியைத் தாண்டினால் சந்து. ஆனால் அந்தக் கண்ணை அங்கே தனியாக விட்டுவிட்டுப் போக முடியவில்லை. அவள் அவர் முன்னால் கால் மடித்துத் தரையில் உட்கார்ந்தாள்.

"இதயம். ரொம்பத் தேஞ்சு போச்சாம். பிப்ரவரியில ஆபரேஷன். பண்ணினா நல்லாயிடலாம்னு சொல்றாங்க. அதுக்கு முன்னாடி என்ன வேணாலும் ஆகலாம்னும் சொல்றாங்க. எனக்கு அவ்வளவுதான் தெரியும். அதுக்கு மேல தெரிஞ்சா சொல்லிடுவேன்."

ஊர்வலம் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. ஃபெர்மின் டயர்க் கறுப்பு ஏறிய தன் விரல்களைப் பார்த்தார்.

"எங்க அப்பாவுக்கும் இதேதான்" என்றார். பிறகு, "பயமா இருக்கு கொமாத்ரே."

"எனக்கும்தான்."

"உங்களுக்கு எப்பவும்தானே."

"இப்ப அதிகமா."

அவர் தலையாட்டினார். நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தார். "ஆபரேஷனுக்கு என்கூட வருவீங்களா? மிரேயா அழுதே கொன்னுடுவா."

"வரேன்." சொன்ன பிறகுதான் அவளுக்கு அந்த ஆஸ்பத்திரி வாசனையும் லிஃப்டும் ஞாபகம் வந்தன. "படியேறி வருவேன். ஆனா வந்துடுவேன்."

"அப்ப ஒண்ணு. இனிமே யாரும் என்னைப் பாத்துப் பாவப்படக் கூடாது. நான் இன்னும் சாகல. தோத்திருக்கேன், அவ்வளவுதான். தோத்தவனுக்கு என்ன உண்டோ அதைக் குடுங்க. ஸ்கோர் என்ன?"

அவள் மிரேயாவைப் பார்த்தாள். மிரேயா அழுதுகொண்டே, சொல்லுங்கள் என்று கையை அசைத்தாள்.

"ஏழு... ஏழுக்கு ரெண்டு."

"காதுல விழல."

"ஏழுக்கு ரெண்டு கொம்பாத்ரே." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க ஆளு பந்தா போட்டான்? கையில வாங்கிக்கங்கன்னு தாம்பூலம்ல குடுத்தான். எங்க பசங்க வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல விடாம குடுத்தான்."

ஃபெர்மினின் முகம் கோணியது. அழப்போகிறாரா சிரிக்கப்போகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. "அந்தப் பயலைக் கொண்டுவந்ததே தப்பு" என்றார். "நான் அப்பவே சொன்னேன்." பிறகு ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்: "டேய் கீக்கோ, இன்னும் என்னடா முழிக்கிற? பானையில ஓட்டையா?"

கீக்கோ நெரேய்தாவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். தெரு அடக்கி வைத்ததெல்லாம் ஒரே சமயத்தில் வெடித்தது. பானை, சட்டி, கரண்டி, கதவு, தகரம், புது அண்டா, எல்லாமும். நெரேய்தாவின் அணி நாட்டின் சாம்பியன். அவள் அதைக் கேட்கவே இல்லை. தரையில் உட்கார்ந்தபடி, அந்த நீலச் சட்டை மேலே எழுந்து கீழே இறங்குவதை, மறுபடி எழுகிறதா என்று, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.